ஆட்டுக்கல் மேல் யார் ஏறுவது

மலை ஊரில் ஜமீலா மாஸ்டரைத் தெரியாதவர்கள் இல்லை. குதிரை லாயம் வைத்திருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் செங்கோடனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கீழே மேட்டுப்பாளையத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். ஒருநாள் கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, குதிரையேற்றம் கற்றே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று மலையேறி வந்துவிட்டார். வீட்டில் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்றார்.

மாஸ்டர் அவரை "அண்ணே" என்பார். அவர் மாஸ்டரை "மாஸ்டர்" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று குழப்பமாக இருக்கும். கொஞ்ச நேரம் பேச்சைக் கேட்டால் தெளிந்துவிடும்.

செங்கோடன் பொறுப்பில் ஒரு குதிரை இருந்தது. பெயர் ஆட்டுக்கல். காப் என்று சொல்கிற ரகம். காப் பந்தயத்துக்கு உதவாது. படம் எடுத்து மாட்டுகிற மாதிரி ஒயிலும் இருக்காது. குட்டைக் கால், அகன்ற முதுகு, தூண் மாதிரி கழுத்து. வீட்டில் பெரியவர் முதல் பேத்தி வரை யார் ஏறினாலும் பத்திரமாகச் சுமந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்காகவே வளர்க்கிற ரகம் அது.

ஆட்டுக்கல்லின் சொந்தக்காரர் போஜன், தேயிலைத் தோட்டக்காரர். அவருக்குக் குதிரை ஆசை விட்டுப்போயிருந்தது.

"மே மாசக் கண்காட்சியில முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா வெச்சுக்கறேன், ஜமீலா. உங்க லாயத்துலயே நிக்கட்டும். இல்லன்னா கீழ கல்யாண ஊர்வலத்துக்குக் கேக்கறாங்க. குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாண ஊர்வலம் என்றால் பேண்டு, வெடி, ஜெனரேட்டர் விளக்கு, கொதிக்கிற தார் ரோடு. அந்த ஊர்வலங்களைக் கடை வாசலில் நின்று செங்கோடன் நிறையப் பார்த்திருக்கிறார். அந்தக் குதிரைகளின் கண்களையும் பார்த்திருக்கிறார். அதனால் போஜன் சொன்ன அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து வேலையை ஆரம்பித்தார். காப் குதிரையைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் பிடரி முடியை ஒட்ட வெட்டிவிடுவது வழக்கம். கணுக்காலில் தொங்குகிற மயிரையும் எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் வெட்டினால் எலி கடித்த மாதிரி இருக்கும். செங்கோடன் வெட்டியதில் ஒரு மேடு பள்ளம் கிடையாது. குளித்து, துடைத்து, தேய்த்து, குளம்புக்கு எண்ணெய் போட்டு, ஒரு காலையில் ஆட்டுக்கல்லை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். கண்காட்சிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"மாஸ்டர், குதிரை ரெடியா? பாத்துச் சொல்லுங்க."

ஜமீலா டீ டம்ளரோடு வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். கழுத்தை விரலால் தடவினார்.

"வெட்டு நல்லா இருக்குண்ணே."

"கை பழசு மாஸ்டர். தலைதான் புதுசு."

மாஸ்டர் குதிரையின் முதுகைத் தொட்டார். விரலை முகர்ந்தார்.

"இங்க எதுக்கு எண்ணெய்?"

"பளபளன்னு இருக்கட்டும்னு."

"சேணத்துக்கு அடியில யாரு எட்டிப் பாக்கப் போறா? சேணம்தான் வழுக்கும். ஏறிப் பாக்கற நடுவர் குதிரை வயித்துக்கடியில தொங்குவார். துடைங்க."

துடைத்தார். சேணம் போட்டார். பிறகு ஏறிக் காட்டினார். சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் கால் பட்டதுமே ஆட்டுக்கல் நகர ஆரம்பித்தது. அவர் உட்காருவதற்குள் நடை, உட்கார்ந்ததும் ஓட்டம். முழங்காலை லேசாக ஒட்டினால் திரும்பியது. அவர் மூச்சைப் பிடித்தால் நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

இறங்கினார். முகமெல்லாம் பல்.

"நான் நெனைச்சாப் போதும் மாஸ்டர், அதுக்குத் தெரிஞ்சுடும். வேற யாரையும் ஏத்தாது. எனக்கு மட்டும்தான்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். வாசலில் பால்காரர் ராசப்பன் கேனை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ராசப்பா, இங்க வாங்க. இதுமேல ஏறுங்க."

"நானுங்களா? எனக்கு எருமைதானுங்க தெரியும்."

"அது போதும்."

ராசப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கவடியில் கால் வைத்தார். ஆட்டுக்கல் நகர்ந்தது. ராசப்பன் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழேயாகக் குதித்துக் குதித்து முற்றத்தின் பாதி தூரம் போனார். சேணத்தை விட்டுவிடவும் தெரியவில்லை, ஏறவும் தெரியவில்லை. கடைசியில் செங்கோடன் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"எருமை நிக்குமுங்க" என்றார் ராசப்பன், மூச்சு வாங்க.

மாஸ்டர் டம்ளரைக் காலி செய்தார்.

"ரெடியில்ல" என்றார்.

"மாஸ்டர், அவருக்கு ஏறத் தெரியல. அதுக்குக் குதிரை என்ன பண்ணும்?"

"கண்காட்சியில யாரு ஏறுவா?"

"முதல்ல நான் ஏறி ஓட்டிக் காட்டுவேன். அப்புறம் நடுவர் ஏறி ஒரு சுத்து வருவார்."

"நடுவர் எப்படி ஏறுவார்?"

"நல்லாத்தான் ஏறுவார். தெரிஞ்சவர்தான?"

"உங்களை மாதிரியே ஏறுவாரா?"

செங்கோடன் ராசப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிலேருந்து நீங்க ஏற வேண்டாம்" என்றார் மாஸ்டர். "வேற யாரு வந்தாலும் ஏறட்டும்."

"யாரு வந்தாலுமா?"

"உங்க கடை நாற்காலில யாரு உக்காருவா?"

"யாரு வந்தாலும்தான். ஆனா நாற்காலிக்கு மனசு இல்லையே, மாஸ்டர்."

"அதனாலதான் அது ஒரே நாள்ல கத்துக்குச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பால் ஊற்ற வந்தவர் ஏறினார். கான்வென்டிலிருந்து சிஸ்டர் ஃபிலோமினா வந்தார். அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, மேலே உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஜெபம் சொன்னார். ஜெபம் முடியும்வரை ஆட்டுக்கல் நிற்கவில்லை. அரைச் சுற்று சுற்றிவிட்டது. லாட்ஜ் சமையல்காரர் அந்தோணி வந்தார். அவர் கனத்துக்குச் சேணமே முனகியது. ஒருவர் கடிவாளத்தை இழுத்தார், ஒருவர் சுத்தமாக விட்டுவிட்டார். ஒருவர் குதிரையின் காதில் ஏதோ அரசியல் பேசினார்.

செங்கோடனுக்குக் குதிரையின் தலையைப் பிடித்துக்கொள்கிற வேலை. கொஞ்சநாளில் அதுவும் போயிற்று.

"தள்ளி நில்லுங்க. அது உங்களையே பாத்துட்டிருக்கு" என்றார் மாஸ்டர்.

தள்ளி நின்றார்.

"இன்னும் தள்ளி."

வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். யாரோ சிரிக்கிற சத்தம், ஆட்டுக்கல்லின் குளம்புச் சத்தம். ஒருநாள் அங்கே நின்றுகொண்டே அவருக்கு அழுகை வந்தது. ஐம்பது வயசு மனுஷன் குதிரைக்காக அழுகிறோமே என்று அவருக்கே எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் வந்ததை என்ன செய்வது.

ஆட்டுக்கல் மெல்ல மெல்ல மாறியது. கால் வைத்ததும் நகருகிற பழக்கம் குறைந்தது. அந்தோணி மூச்சு முட்டி மேலே ஏறி முடிக்கும்வரை நின்றது. மாஸ்டர் தலையை ஆட்டினார். செங்கோடன் மட்டும் சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்கும் தெரியும். வரவில்லை.

கண்காட்சிக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு விடியற்காலையில் அவர் செய்யக்கூடாததைச் செய்தார். மாஸ்டர் எழுந்து வருவதற்கு முன்னால் ஆட்டுக்கல்லை வெளியே கொண்டுவந்தார். அங்கவடியில் காலை வைத்தார். அது நின்றது.

"டேய்" என்றார் மெதுவாக. "நான்டா."

முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தடவை ஏறினார், இறங்கினார், ஏறினார். ஆட்டுக்கல்லுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கால் பட்டதும் கிளம்பியது, பழைய மாதிரியே. பனியில் இரண்டு பேரும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அத்தனை நாளில் அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

காலை டிபன் வேலை முடிந்ததும் அந்தோணி வந்தார். பழகிய தைரியத்தில் அங்கவடியில் காலை வைத்து எக்கினார். ஆட்டுக்கல் விருட்டென்று கிளம்பியது. அந்தோணி சாணக் குவியலில் போய் உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை. மானம்தான் போயிற்று.

"நேத்து நல்லாத்தானப்பா நின்னே" என்று குதிரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு போனார்.

மாஸ்டர் செங்கோடனின் பேன்ட்டைப் பார்த்தார். உள்பக்கமெல்லாம் பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

"காலையில ஏறினீங்களா?"

"ஏறினேன்."

"எதுக்கு?"

"என்னை மறந்துடுச்சான்னு பாத்தேன்."

"மறந்துடுச்சா?"

"இல்ல மாஸ்டர்." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"சந்தோஷம். ஊர்வலத்துல வெடி போடறப்பவும் உங்களை நெனைச்சுட்டே நிக்கும்."

மாஸ்டர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வேறு குதிரைக்குப் புல் போடப் போய்விட்டார். திட்டியிருந்தால் செங்கோடன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

அவர் ரொம்ப நேரம் ஆட்டுக்கல்லின் பக்கத்திலேயே நின்றார். அது அவர் தோளில் மூக்கை வைத்து ஊதியது. அவர் அதன் மூக்கை மெதுவாகத் தள்ளிவிட்டார்.

அப்புறம் லாட்ஜுக்கு நடந்து போனார். அந்தோணி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தோணி, மறுபடி வரணும்."

"எதுக்கு? சாணி போதும்ப்பா."

"தப்பு என்னோடது. குதிரையோடது இல்ல. வாங்க."

"நீ பிடிச்சுக்குவியா?"

"மாட்டேன். நான் அந்தப் பக்கமே இருக்க மாட்டேன். அப்பத்தான் நிக்கும்."

அந்தோணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "உன் குதிரைதான? என்னப்பா இப்படிச் சொல்றே?"

செங்கோடன் திரும்பி நடந்தார். அங்கிருந்து சந்தைக்குப் போனார். கேரட் விற்கிற அம்மாவைக் கூப்பிட்டார். டாக்ஸி ஸ்டாண்டில் ஒருவரைக் கூப்பிட்டார். ஜெபம் சொல்கிற சிஸ்டரை மறுபடி கூப்பிட்டார். "ஏறும்போது தடுமாறுங்க, பரவாயில்ல. நல்லாத் தடுமாறுங்க" என்று கெஞ்சினார். ஊரில் அவருக்குப் பைத்தியம் என்று பேச்சு வந்தது. அந்த நாட்களில் அவர் கொட்டகைக்குப் பின்னால்கூட நிற்கவில்லை. ஏரிவரை நடந்துபோய்விட்டு, எல்லோரும் போனபிறகு திரும்பி வந்து குதிரையைத் தேய்த்துவிட்டார். பேச்சுக் கொடுக்காமல் தேய்த்தார்.

கண்காட்சி நாளில் மைதானம் ஈரமாக இருந்தது. மாஸ்டர் தன்னுடைய வெள்ளைப் பெண்குதிரையில் வந்து, அதை யூகலிப்டஸ் மரத்தடியில் தனியாகக் கட்டினார். அதைச் சுற்றி எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்காது. மாஸ்டரைத் தவிர யாரையும் கிட்டே சேர்க்காது, அது ஊருக்கே தெரியும்.

செங்கோடன் ஆட்டுக்கல்லைத் தயார் செய்தார். பிடரி வெட்டு தலைப்பாகைத் துணி மாதிரி வழவழவென்று இருந்தது. பின்பக்கத்தில் ஈரச் சீப்பால் சதுரம் சதுரமாகக் கோலம் போட்டிருந்தார். முதுகில் எண்ணெய் இல்லை.

"நீங்க ஏறி ஓட்டிக் காட்டணும்ணே" என்றார் மாஸ்டர். "இன்னிக்கு ஏறலாம்."

அவர் அங்கவடியில் காலை வைத்தார். ஆட்டுக்கல் நின்றது. அவர் உட்கார்ந்தார். சொன்னபிறகு நடந்தது. கேட்டபிறகு ஓடியது. நேராக, சீராக, அவசரமில்லாமல். அவர் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடிவாளத்தைத் தொட்டபிறகுதான் நின்றது. பால்காரர் ராசப்பனைச் சுமந்த மாதிரியே அவரையும் சுமந்தது. கூடவும் இல்லை, குறைவும் இல்லை.

நடுவர் திருமதி பூவையா. குடகிலிருந்து வந்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல், வலது முழங்கால் சரியில்லை. செங்கோடனின் குதிரைக்கு முன்னால் ஒரு செம்பழுப்புக் குதிரையில் ஏறினார். நல்ல உருவமுள்ள குதிரை. அவர் ஏறும்போது அது இரண்டடி தள்ளிப் போனது. அவர் முகம் சுளித்தார். அப்படியும் ஏறி ஓட்டிவிட்டுத்தான் இறங்கினார். தைரியசாலி.

ஆட்டுக்கல்லிடம் வந்தார்.

"யாருப்பா இதுக்கு முடி வெட்டினது?"

"நான்தானுங்க."

"என் வீட்டுக்காரருக்கு வெட்ட வர்றியா? அவர் நிக்க மாட்டார்."

அங்கவடியில் காலை வைத்தார். எக்கினார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கீழே வந்துவிட்டார். செங்கோடனின் கை தன்னால் குதிரையின் தலையை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மாஸ்டர் சொல்லவில்லை. செங்கோடனே இரண்டடி பின்னால் போனார்.

நடுவர் மறுபடி எக்கினார். மறுபடி கீழே. ஏதோ கொடவ மொழியில் திட்டினார், தன் முழங்காலைத்தான். மூன்றாவது தடவை சேணத்தின் மேல் வயிற்றால் விழுந்து, ஒருமாதிரி புரண்டு, காலைத் தூக்கிப் போட்டார். பார்க்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆட்டுக்கல் ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பியது. குளம்பு அசையவில்லை.

மேலே உட்கார்ந்து அவர் மூச்சு வாங்கினார். சேலைத் தலைப்பை இழுத்துவிடுகிற மாதிரி கோட்டை இழுத்துவிட்டார். அதுவரைக்கும் நின்றது. பிறகு போனது. ஒரு சுற்று வர வேண்டியவர், இன்னொரு சுற்றும் வந்தார். திரும்பும்போது கடிவாளத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர் யாருக்கோ மறுகையால் கையாட்டிக்கொண்டு வந்தார். ஆட்டுக்கல் ஒருமுறைகூடச் செங்கோடன் நின்ற பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது இடம் கிடைத்தது. முதல் இரண்டும் உருவத்தில் இதைவிட நல்ல குதிரைகள். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. செம்பழுப்புக்கு இடமே இல்லை.

போஜன் வேகமாக நடந்து வந்தார். கூட அவர் மனைவியும் வந்தார்.

"சொன்னா சொன்னதுதான். வெச்சுக்கறேன்" என்றார். "இவ குதிரைன்னா பத்தடி தள்ளி நிக்கிறவ. அந்தம்மா ஏறினதைப் பாத்துட்டு, நானும் ஏறணும்கறா."

"அந்தம்மாவே ஏறிட்டாங்க. நான் ஏற மாட்டேனா?" என்றார் அவர் மனைவி, பத்தடி தள்ளி நின்றுகொண்டே.

"நாளைக்கு வாங்க" என்றார் செங்கோடன்.

அவர்கள் போனார்கள். ஆட்டுக்கல்லை ஒரு சின்னப் பெண் பிடித்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டுப் பெண் என்றே தெரியவில்லை. அது அவள் பாவாடையை முகர்ந்துகொண்டிருந்தது. செங்கோடனின் மனசு ஒருபக்கம் நிறைந்திருந்தது. ஒருபக்கம் காலியாக இருந்தது. அவர் மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் மரத்தடியில் வெள்ளைக் குதிரையின் சேண வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்."

"ம்."

"பொழைச்சுடுச்சு."

"பாத்தேன்."

"ஒண்ணு கேக்கணும். எனக்குன்னு ஒரு குதிரை இருந்துச்சு. இப்ப ஊருக்கே ஒரு குதிரை இருக்கு. நல்லதுதான். தெரியுது. ஆனா எனக்கு மட்டும்னு அதுகிட்ட இருந்தது எங்க போச்சு மாஸ்டர்?"

மாஸ்டர் வாரை இறுக்குவதை நிறுத்தினார். குதிரையின் தலைப்பக்கம் போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, சேணத்தின் பக்கத்தைச் செங்கோடனுக்கு விட்டுக்கொடுத்தார். வெள்ளைக் குதிரை காதை மடக்கி அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் தன்னால் ஒரு அடி பின்வாங்கினார்.

"இது உங்களைத் தவிர யாரையும் ஏத்தாதே மாஸ்டர். நீங்களே பெருமையாச் சொல்வீங்க."

"ஆமாண்ணே. இத்தனை வருஷமாப் பெருமையாத்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றார் ஜமீலா. "ஏறுங்க."